ஒரு பை நிறையப் பன்

மலையைக் காலையிலிருந்தே காணவில்லை. மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன இந்து மேற்கே பார்த்தாள். எப்போதும் மலை நிற்கிற இடத்தில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று வானம் வரை எழும்பி நின்றது. ராஜபாளையத்தில் ஒரு பொட்டு மழை இல்லை. கொடியில் கிடந்த துணிகள் மொறமொறவென்று காய்ந்திருந்தன. மழை அங்கே தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, ஏதோ ஒரு வேலையைச் செய்து முடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

அவள் கணவன் நவநீதகிருஷ்ணனும் பின் வீட்டுச் சாம்சனும் விடிந்ததும் ஒரே பைக்கில் மலையடிவாரத்து அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மில், ஒரே ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் லீவு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்று சொல்லிப் போனவர்கள். சோறு ஆறி, குழம்பில் ஆடை படிந்து, எல்லாவற்றையும் மூடி வைத்தாயிற்று. அருவிப் பக்கம் டவர் கிடைக்காது என்று தெரிந்தும் இந்து போன் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் அதே பெண் அதே மரியாதையோடு, நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றாள். எந்த எல்லை என்று அவள் சொல்லவில்லை.

துணியோடு கீழே இறங்கும்போது தெருவில் யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்கள். "ஆத்துல திடீர்னு தண்ணி வந்துட்டாம். ஆளுக அக்கரைல மாட்டிக்கிட்டாவளாம். ஃபயர் சர்வீஸ் போயிருக்கு."

இந்து படியிலேயே நின்றாள். மாட்டிக்கொண்டவர்கள் என்றால் அக்கரையில் பாறைமேல் உட்கார்ந்திருப்பார்கள். ஈரச் சட்டையோடு, பசியோடு. கயிறு கட்டி இக்கரைக்குக் கொண்டுவருவார்கள். போன வருஷம்கூட அப்படித்தான் நடந்தது. அதை அவள் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டாள். பிறகு இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் மொபெட் வந்து கேட்டின் முன்னால் நின்றது.

அந்தக் காம்பவுண்டுக்கு ஒரே கேட். முன்னால் இந்துவின் வீடு. பக்கவாட்டில் ஒரு சின்னச் சந்து. அது வழியே போனால் பின் வீடு, சாம்சன் வீடு. மொபெட்டில் வந்தவன் பேக்கரிக் குருசாமி. மாதா கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பேக்கரியில் பன்னும் ரொட்டியும் சுடுகிறவன். வழக்கமாக வாய் ஓயாதவன். போன வாரம்கூட, "என்னக்கா, அண்ணன் மெலிஞ்சிட்டாவ, சோறு போடுதீகளா இல்லையா?" என்று தெருவே கேட்கக் கேட்டவன். இன்று அவன் கேட்டைத் திறந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பின் கேரியரில் கட்டியிருந்த பெரிய பாலித்தீன் பையை அவிழ்த்து, இரண்டு கையாலும் ஏந்தி வந்து, அவள் வீட்டு வாசல்படியில் மெல்ல வைத்தான்.

பை நிறையப் பன். தட்டிலிருந்து அப்படியே எடுத்தது. ஒன்றோடொன்று ஒட்டிய, மேலே பழுப்பாக மினுங்கும் இனிப்புப் பன். பையின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தது.

"நாங்க பன்னு சொல்லலையே குருசாமி."

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து அண்ணாச்சி போன் போட்டாவ. இங்ஙன முன் வீட்ல எறக்கச் சொன்னாவ. சாயங்காலமாத்தான் கொண்டுபோகச் சொன்னாவ, சரக்கு இப்பயே அடுப்புல இருந்து எறங்கிட்டு…"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். பேச்சு பாதியில் நின்றதும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு எதுவும் தெரியாது என்பது அந்த ஒரு பார்வையில் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எதுக்கு? யாருக்கு?"

"எனக்குத் தெரியாதுக்கா."

அவன் திரும்பி நடந்தான். காசு கேட்கவில்லை. மொபெட்டைக் கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டே போய், தெரு முனையில்தான் ஸ்டார்ட் செய்தான். அந்தச் சத்தமும் அடங்கிய பிறகுதான் இந்துவுக்கு உறைத்தது: குருசாமி 'வாரேன்' என்று சொல்லவில்லை.

துட்டி வீட்டிலிருந்து, சாவு விழுந்த வீட்டிலிருந்து, கிளம்பும்போதுதான் யாரும் 'வாரேன்' என்று சொல்லமாட்டார்கள்.

பன்னுக்கு அந்த ஊரில் இரண்டு வாழ்க்கை உண்டு. ஒன்றோ இரண்டோ பேப்பரில் சுற்றி வாங்கினால் அது காய்ச்சல்காரருக்கு, இல்லை டீயில் முக்கித் தின்ன. பை நிறைய வாங்கினால் ஒன்றே ஒன்றுதான். சாவு விழுந்த வீட்டில் பிணத்தை எடுக்கிறவரை அடுப்பு பற்றவைக்கமாட்டார்கள். அழுது தொண்டை கட்டியவர்களுக்குக் கடுங்காப்பியும் பன்னும்தான். சோழபுரத்தில் இந்துவின் அப்பா இறந்த அன்று அடுத்த வீட்டுச் சண்முகத்தாய் ஒரு பெரிய தாம்பாளத்தில் பன்னை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுப்பித் தின்னச் சொன்னாள். இந்துவும் ஒன்று தின்றாள். அது இனித்தது. அப்படி ஒரு நாளில் ஒரு பண்டம் இனிக்கலாமா என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் பன் தின்றதில்லை.

அந்த ஊரில் சாவுச் சேதி ஆண்களிடம்தான் முதலில் வரும். பெண்களிடம் இப்போது சொல்லாதே என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். சொல்லாமலே பந்தலுக்குச் சொல்வார்கள், ஐஸ் பெட்டிக்குச் சொல்வார்கள், பன்னுக்குச் சொல்வார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணாச்சி. நவநீதகிருஷ்ணனின் தாய்மாமன் முத்துராமலிங்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறார். போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். எந்தச் சேதியும் அவருக்குத்தான் முதலில் போகும். இந்து போனில் அவர் பெயரைத் தொட்டாள். மணி அடிப்பதற்குள் வெட்டிவிட்டாள். கேட்காத வரைக்கும் அவர் எதையும் சொல்ல முடியாது.

"ஏட்டி இந்து! வாசல்ல யாரு?"

உள்ளே கட்டிலில் மாமியார் ஆவுடையம்மாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் மதுரையில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவள். அதிர்ச்சி தரும் எதையும் சட்டென்று சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் இந்துவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மகன் பெயரைச் சொன்னால் போதும், அத்தையின் கை தானாகப் போய் நெஞ்சுத் தழும்பைத் தடவும்.

"யாருமில்ல அத்தை. அட்ரஸ் கேட்டு வந்தாங்க."

பையைத் தூக்கினாள். அது எடையே இல்லாமல், தூங்குகிற குழந்தை மாதிரி சூடாகக் கையில் கிடந்தது. அடுப்படிக்குக் கொண்டுபோய்க் கிரைண்டருக்குப் பின்னால் வைத்து, காய்ந்த துணியைப் போட்டு மூடினாள். ஆனால் புதுப் பன்னின் வாசனையைத் துணி போட்டு மூட முடியவில்லை. ஈஸ்டும் சீனியும் கலந்த அந்த வாசனை அடுப்படியிலிருந்து மெல்லக் கிளம்பி, வீட்டை நன்றாகத் தெரிந்த ஆள் மாதிரி ஒவ்வொரு அறையாகப் போனது.

"என்னட்டி, பேக்கரிப் பன்னு வாடை வருது?" என்றாள் ஆவுடையம்மாள். கொஞ்ச நேரம் கழித்து, "தெருவுல எங்கயும் துட்டியா?"

இந்து அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அவளையும் அறியாமல் வாய் பேசிவிட்டது.

"நாந்தான் பன்னு வாங்கினேன் அத்தை. பாம்பே டோஸ்ட் போடப் போறேன்."

"ப்ரெட்டுல தான போடுவ?"

"பன்னுல போட்டா இன்னும் மெத்துனு இருக்கும்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு குடு. சீனி கூடக் கொஞ்சம் போடு. அவன் வந்தா நான் தின்னதச் சொல்லிராத. டாக்டரை விட அவன் தொல்லை பெருசா இருக்கு."

சொன்ன பிறகு செய்துதான் ஆக வேண்டும். செய்தால் நல்லது என்றும் தோன்றியது. அறுத்து, முக்கி, பொரித்துவிட்டால் அது துட்டிப் பன் இல்லை, வெறும் பலகாரம். வெண்ணெய் வாசனை வந்தால் பன் வாசனை போய்விடும். எல்லாவற்றையும் விட, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிற வீடு எப்படித் துட்டி வீடாக இருக்க முடியும்?

நான்கு முட்டையை உடைத்து ஊற்றி, முள்கரண்டியால் அடித்தாள். பால் விட்டாள். சீனி டப்பா காலி. ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா பால்கோவா இருந்தது. சாம்சனின் அண்ணன் பொன்னுராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கிறார். வரும்போதெல்லாம் தம்பிக்குக் கொண்டுவருவதில் பாதியைப் பிரிஸ்கில்லா முன் வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். இந்து அதை விரலால் உதிர்த்துப் பாலில் கரைத்தாள். முட்டையும் பாலும் பால்கோவாவும் சேர்ந்து வெளிறிய மஞ்சளில் கெட்டியாக நின்றது. ஒரு சிட்டிகை உப்பு. ஏலக்காய் தட்டிப் போட்டாள்.

பன்னைக் குறுக்கே அறுத்தாள். பழைய பன்னாக இருந்தால் நிதானமாக ஊறும். இது புதுசு, இன்னும் சூடு அடங்காதது. கலவையில் வைத்த நொடியில் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டு, தூக்கும்போது நடுவில் பிய்ந்து தொங்கியது. முதல் பன் கையிலேயே சிதைந்துபோயிற்று. அதை ஓரமாக ஒதுக்கினாள். அடுத்ததை அறுத்த முகம் மட்டும் படுகிற மாதிரித் தொட்டு, அந்த வேகத்திலேயே எடுத்தாள்.

லைட்டரைத் தட்டினாள். அடுப்பு பற்றிக்கொண்டது. நீல வட்டம். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. கூரை இடியவில்லை. யாரும் ஓடிவந்து, என்ன காரியம் செய்கிறாய் என்று கையைப் பிடிக்கவில்லை.

தோசைக்கல்லில் வெண்ணெய் உருகி நுரைத்தது. பன்னின் அறுத்த முகத்தைக் கீழே வைத்தாள். தீயைக் குறைத்தாள். பால்கோவா சேர்ந்திருப்பதால் சீக்கிரம் கருகும். ஓரம் சிவந்து, நடுவில் பால் கொதித்துச் சின்னச் சின்னக் கொப்புளமாக வெடித்தது. புரட்டிப் போட்டாள். நன்றாக வந்திருந்தது. வாழ்க்கையில் இதுவரை இவ்வளவு நன்றாக வந்ததில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

போன் அடித்தது. எடுக்கப் போன கை பாதியில் நின்றது. தெரியாத நம்பர்.

தெரியாத நம்பர் என்றால் ஆஸ்பத்திரி. போலீஸ் ஸ்டேஷன். 'நீங்க நவநீதகிருஷ்ணன் வீட்டுலயாம்மா?' என்று தொடங்குகிற ஒரு குரல். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அதே நம்பர். இந்து போனைச் சத்தமில்லாமல் ஆக்கி, அரிசி டப்பாவுக்குள் குப்புற வைத்து மூடினாள். டப்பாவுக்குள் அது ஒரு வண்டு மாதிரி அரிசியை உரசிக்கொண்டு துடித்தது. பிறகு நின்றது.

அவள் அடுத்த பன்னை அறுத்தாள்.

தட்டு நிறைந்தது. இன்னொரு தட்டு எடுத்தாள். கிரைண்டருக்குப் பின்னால் கை விட்டு எடுக்க எடுக்கப் பன் வந்துகொண்டே இருந்தது. முட்டை தீர்ந்து, அலமாரியில் மிச்சம் இருந்ததையும் உடைத்தாள். பை காலியாகிவிட்டால் அந்தப் பை வரவே இல்லை என்று ஆகிவிடும். இவ்வளவையும் எங்கே வைப்பது, யார் தின்பது என்று அவள் யோசிக்கவில்லை.

"ஏட்டி இந்து, தெருவே மணக்குது! எங்களுக்குச் சொல்லாம நீ மட்டும் தனியாத் திங்கியாக்கும்?"

பிரிஸ்கில்லா சந்து வழியாகப் பின் கதவுக்கு வந்திருந்தாள். சாம்சனின் மனைவி. காலையில் சர்ச்சுக்குக் கட்டிய சேலையை இன்னும் மாற்றவில்லை. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மகள் பெனிட்டா. ஐந்து வயது. கண் முழுக்கத் தட்டின் மேல்.

இந்து சட்டென்று கிரைண்டருக்கு முன்னால் நகர்ந்து நின்றுகொண்டாள். "வாங்கக்கா. உங்களுக்குத்தான் குடுத்து விடலாம்னு இருந்தேன்."

"இம்புட்டு எதுக்குட்டி? கல்யாண வீடா?"

"ரெண்டு பேரும் பசியோட வருவாங்கள்ல."

"வருவாவ, வருவாவ." பிரிஸ்கில்லா ஒரு துண்டைப் பிட்டு மகள் வாயில் ஊதி ஊட்டினாள். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். "சர்ச்சுக்கு வாங்கன்னு கெஞ்சுனேன். 'நீ எனக்கும் சேர்த்து ஜெபம் பண்ணு, நான் உனக்கும் சேர்த்துக் குளிச்சிட்டு வாரேன்'ன்னுட்டுப் போறாரு உங்க அண்ணன். வரட்டும், இன்னைக்கு இருக்கு அவருக்கு."

இந்து சிரிக்க முயன்றாள்.

"தண்ணி வந்துட்டுன்னு தெருவுல சொன்னாங்களே அக்கா."

"நானும் கேட்டேன். அக்கரைல உக்காந்துருப்பாவ. எனக்கு ஒரு பயமும் இல்லப்பா. அவரு கம்மாக்குள்ளயே பொறந்தவரு மாதிரி நீந்துவாரு. அவரு கூட இருக்கையில உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணும் ஆகாது." சொல்லிக்கொண்டே விரலில் ஒட்டிய இனிப்பை நக்கினாள். "ஏட்டி, என்ன போட்ட இதுல? பால்கோவாவா?"

"உங்க கொழுந்தன் கடைப் பால்கோவாதான்."

"கொழுந்தனா? அவரு எனக்கு மூத்தாரு! நீ இன்னும் மொறையே படிக்கல." பிரிஸ்கில்லா தலையை அண்ணாந்து சிரித்தாள். "பெரியப்பா கடை பால்கோவாடா பெனி, திங்குறியா இன்னொண்ணு?"

உள்ளேயிருந்து ஆவுடையம்மாள், "பிரிஸ்கில்லா, அந்தத் திருட்டுக் கழுதை எனக்கு ஒண்ணும் தரலம்மா, நீயாவது ஒண்ணு கொண்டா," என்றாள். பிரிஸ்கில்லா ஒரு கிண்ணத்தில் இரண்டை வைத்து உள்ளே கொண்டுபோனாள். இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

இந்து கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் இந்தப் பிரிஸ்கில்லாதான் தன்னைப் பிடித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தாள். தன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து, பன்னைப் பிட்டு வாயில் திணிக்கப் போகிறாள். அதற்குப் பிறகு, எல்லோரும் போன பிறகு, சாம்சன் ஷிப்ட் முடிந்து சந்து வழியாக நடந்து பின் வீட்டுக்குப் போகிற செருப்புச் சத்தம் மட்டும் தினமும் கேட்கும். அந்தச் சத்தத்தைத் தன்னால் தாங்க முடியுமா? ஒரு நிமிஷம் அவள் பிரிஸ்கில்லாவை வெறுத்தாள். அந்தச் சிரிப்பை, அந்தச் சேலையை, திரும்பி வரப்போகிற அவளுடைய ஆளை.

கேட் திறந்தது. இந்த முறை சத்தமாக.

இந்து அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். தெருவில் 'சின்ன யானை' மினி லாரி ஒன்று நின்றது. அதன் முதுகில் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கயிறு போட்டுக் கட்டியிருந்தன. மேலே சுருட்டிய தார்ப்பாய், மூங்கில். பந்தல்காரர் சமுத்திரம் தோளில் துண்டோடு உள்ளே வந்தார்.

"தாயி, சேர் எறக்கணும்," என்றார் தாழ்ந்த குரலில். "பின் வீட்டுக்கு இந்தச் சந்து வழிதான?"

இந்துவுக்கு முதலில் அந்த வார்த்தை விளங்கவில்லை.

"பின் வீட்டுக்கா?"

"மில்லுல வேலை பாக்குற சாம்சன் வீடு. அவுக அண்ணன் பொன்னுராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து சொன்னாக. சாம்சனத் தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சாமே. கீழ பாறை இடுக்குல இருந்துதான் எடுத்தாங்களாம்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "உங்க வீட்டுத் தம்பி அங்கதான் ஆஸ்பத்திரில கூட நிக்குதாம். அது போன்ல உங்களுக்குச் சொல்லிருச்சுன்னு சொன்னாகளே தாயி? பன்னுகூட உங்க வீட்ல எறக்கியாச்சுன்னாக."

உங்க வீட்டுத் தம்பி நிற்கிறான். நிற்கிறான் என்று சொன்னார்.

இந்துவின் உடம்புதான் முதலில் சந்தோஷப்பட்டது. அவளைக் கேட்காமலே அது நெஞ்சிலிருந்து விரல் நுனி வரை வெதுவெதுவென்று ஓடியது. சுவரில் சாய்ந்துகொண்டாள். அவர் இருக்கிறார். நிற்கிறார். அந்த நிமிஷத்தில் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

அப்புறம்தான் உள்ளேயிருந்து பெனிட்டா சிரிக்கும் சத்தம் வந்தது.

அப்பா இறந்த அன்று சண்முகத்தாய் அந்தத் தாம்பாளத்தை எங்கிருந்து எடுத்து வந்தாள்? அவள் வீட்டிலிருந்து. துட்டிக்கு வருகிற பன் துட்டி வீட்டு வாசலில் ஒருநாளும் இறங்காது. பக்கத்து வீட்டில்தான் இறங்கும். பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்துக்கொண்டு போவாள். இது இந்துவுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்தே தெரியும். பயத்தில் அது மட்டும் மறந்துபோயிருந்தது. முன் வீட்டில் இறக்கச் சொன்னார்கள் என்று குருசாமி சொல்லத்தான் செய்தான்.

"செத்த நேரம் பொறுங்கண்ணே," என்றாள். "இப்ப எறக்காதீக. அக்காவுக்குத் தெரியாது. உள்ளதான் இருக்காவ."

சமுத்திரம் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ," என்றார். வண்டிப் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார். ஆனால் அவரோடு வந்த ஆட்கள் அதற்குள் கயிற்றை அவிழ்த்து, நாற்காலிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு கேட்டுக்குள் வந்திருந்தார்கள்.

இந்து அடுப்படிக்கு ஓடினாள். அரிசி டப்பாவைத் திறந்து போனை எடுத்தாள். அதே நம்பரிலிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"இந்து? எங்கட்டி போன? எம்புட்டு நேரமா அடிக்கேன். என் போனு தண்ணில போயிட்டு…" நவநீதகிருஷ்ணனின் குரல் கரகரத்து உடைந்தது. "என்னத்தான் முதல்ல மேல தள்ளி விட்டான். கையப் புடிச்சிருந்தேன் இந்து. புடிச்சுத்தான் இருந்தேன். வழுக்கிட்டு." அவன் அழுதான். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதைப் போல வேகமாகச் சொன்னான். "பிரிஸ்கில்லா அக்காவத் தனியா விடாத. நாங்க கொண்டு வாரது வரைக்கும் ஒண்ணும் சொல்லாத. பன்னு வந்திருக்கும், எடுத்து உள்ள வச்சிக்க. அம்மாட்டயும் காட்டாத. நம்ம வீட்லயும் அடுப்பு பத்தவைக்காத, என்ன?"

இந்து அடுப்பைப் பார்த்தாள். சிம்மில் நீல வட்டம். கல்லில் இரண்டு பன், ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"சரி," என்றாள்.

கை நீட்டி அடுப்பை அணைத்தாள். சீறல் நின்றதும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"ஏன் அணைச்சிட்ட? முட்டை கலக்குனது இன்னும் கெடக்குல்லா?"

பிரிஸ்கில்லா காலிக் கிண்ணத்தோடு அடுப்படி வாசலில் நின்றாள். "அத்தை ரெண்டையும் தின்னுட்டாவ. டாக்டர் வந்து உன்னத்தான் ஏசப் போறாரு." உதட்டோரத்தில் வெண்ணெய் மினுங்கியது. அவள் கிண்ணத்தைக் கழுவுவதற்காகத் தொட்டிப் பக்கம் போனாள். தொட்டிக்கு மேலே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சந்து.

சந்தில் ஒருவன் தலைமேல் நீல நாற்காலிகளோடு போய்க்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். இரண்டு பேரும் முன் வீட்டைத் தாண்டி, பின் வீட்டை நோக்கிப் போனார்கள். சந்தின் முனையில் நாற்காலிகள் சுவரில் இடித்தன. சமுத்திரத்தின் அடங்கிய குரல், "ஏலே, வேண்டாம்லே, வெளிய வாங்கலே," என்றது.

பிரிஸ்கில்லாவின் கையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கிண்ணம் நிறைந்து வழிந்தது.

அவள் திரும்பினாள். இந்துவைப் பார்த்தாள். இந்து கிரைண்டரை மறைத்து நிற்க மறந்துபோயிருந்தாள். துணி சரிந்து, பாலித்தீன் பை பாதி வெளியே தெரிந்தது. அதற்குள் மிச்சப் பன் தட்டிலிருந்து எடுத்தபடியே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பிரிஸ்கில்லா அதைப் பார்த்தாள். பிறகு மேடையில் அடுக்கியிருந்த இரண்டு தட்டையும் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

"எம்புட்டுப் பன்னு," என்றாள் மெதுவாக.

"அக்கா…"

"பேசாத."

அவள் குழாயை மூடினாள். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேடையில் கிடந்த லைட்டரை எடுத்தாள். முதல் தட்டலில் பற்றவில்லை. இரண்டாவது தட்டலில் அடுப்பு எரிந்தது.

"அம்மா, இன்னொண்ணு," என்றாள் பெனிட்டா, தட்டை நீட்டிக்கொண்டு வந்து.

"போடு இந்து," என்றாள் பிரிஸ்கில்லா. "பிள்ளை கேக்கால்ல. போடு."

இந்து கிரைண்டருக்குப் பின்னால் குனிந்து ஒரு பன்னைப் பிய்த்தெடுத்தாள். அறுத்தாள். கலவையில் தொட்டாள். கல்லில் வைத்தபோது வெண்ணெய் இல்லாமல் அது சட்டென்று பிடித்துக்கொண்டு புகைந்தது.

"கருகுதுக்கா."

பிரிஸ்கில்லா அடுப்பின் திருகைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள். இந்து தீயைக் குறைக்க விரலைக் கொண்டுபோனபோது அந்தப் பிடி இறுகியது.

"எரியட்டும்," என்றாள். "செத்த நேரம் எரியட்டும்."